சக்திச் சிகிச்சையாளரின் தகுதி யாது?

மருந்து கொடாது, நோயாளர்மீது கையை வைத்தும், தொடாது மேலே அசைத்தும், தூரத்தே இருந்து நினைந்தும் உயிர்ச்சத்தியைச் செலுத்திச் சுகஞ்செய்வோம் என்பார் இந்நாளிற் பலர். யப்பானிலிருந்து பரவிய ரெய்கி, பிலிப்பைன் தீவுகளினின்றும் வந்த பிராண சிகிச்சை, அமெரிக்கத் தாதியரிடையே எழுந்த பரிசச் சிகிச்சை என்பன அவற்றுட் சில. இவர்களுட் தகுதியுடையார் யாவர் என்று பிள்ளைகளின் பெற்றோர் ஆசிரியரை வந்து வினவுகின்றனர். வைத்தியரிடம் வாய்திறக்க நாணுவோரும் ஆசிரியரிடம் நாணுவதில்லை. ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லிவிடின், வீட்டார் வேறு விசாரணை செய்யாது அவரிடமே செல்வர். ஆதலின் அவ்வினாவுக்கு விடை கூறுமுன் தகுதி என்பது யாதென ஆராய்தல் நமக்குக் கடனாகும்.

தகுதி இருவகைப்படும். தொழிலைப் பழுதின்றி முடிக்கும் வன்மை ஒன்று. பிறர் தம்மை நம்பி ஒப்புவித்தற்கு ஏற்ற ஒழுக்கம் மற்றொன்று. தச்சனது வன்மையை அவன் செய்த கதிரையில் இருந்து பார்த்து அறியலாம். சிகிச்சையாளரது வன்மையை அவ்வாறு அறிதல் அரிது. தலையிடி, முதுகுநோ, மனச்சோர்வு முதலியன கூடுவதுங் குறைவதுமாய் இருப்பன. மிகக் கூடியபோதே மக்கள் சிகிச்சையை நாடுவராதலின், அதன்பின் நோய் தானே தணியினும் புகழ் சிகிச்சையாளரைச் சேரும். "எனக்குச் சுகம் வந்தது" என்று பத்துப் பேர் சொல்லுதல் அவர் சுகம் பெற்றமைக்குச் சான்றாம். சுகத்தின் காரணத்துக்குச் சான்றாகாது.

சான்றுப் பத்திரமோ எனின், அதனையும் நோக்குவாம். ரெய்கியை மிக்காவோ உசுயி என்பவர் 1922 இல் யப்பானிலே தொடங்கினார். குராமா மலையில் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்து அதனைப் பெற்றார் என்பது அம்மரபினர் கூறும் வரலாறு. அவர் மாணாக்கராகிய ஹயாஷியிடம் கற்ற தக்காத்தா அம்மையார் அதனை ஹவாய்த் தீவுக்குக் கொண்டுவந்தார். 1980 இல் இறக்குமுன் அவர் இருபத்திரண்டு பேரை ஆசான்மாராக்கினார். ஆசான் நிலைக்கு அவர் விதித்த காணிக்கை 10,000 டொலர். இன்று இரண்டொரு நாளிலும் அப்பட்டம் கிடைக்கின்றது. இப்பத்திரங்கள், இன்னார் இன்னாரிடம் கற்றார் என்பதை உறுதிசெய்யும். கற்பிக்கப்பட்ட பொருள் உண்டோ என்பதை அவை உறுதிசெய்யமாட்டா. நம் தருக்க நூலார் உரையளவையைக் கொள்ளுமிடத்து, உரைத்தவன் ஆப்தனோ என்று முன்னர் வினவுவர். அவ்வினாவை இங்கே மட்டும் விட்டுவிடுவதற்கு நியாயமில்லை.

2008 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை நேரே சோதித்தது. தசைநோவினால் நெடுங்காலம் வருந்திய நூறு பேரிற் சிலருக்கு ரெய்கி ஆசான்மாரும், ஏனையோருக்கு ஆசான்மார்போல் நடிக்கப் பழக்கப்பட்ட நடிகரும் எட்டு வாரம் சிகிச்சை செய்தனர். ஆசானிடம் சென்றவர் நடிகரிடம் சென்றவரினும் நன்மை அடைந்திலர். கற்றவரும் கல்லாதவரும் ஒரே பயனைத் தருவராயின், அத்துறையிலே பட்டத்தின் பொருள் யாது?

இதனினும் ஆசிரியர்க்கு உவப்பளிப்பது எமிலி ரோசா என்னுஞ் சிறுமியின் சோதனை. அமெரிக்காவில் நாலாம் வகுப்பிற் கற்ற இவள், பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்காக இதனைச் செய்தாள், வயது ஒன்பது. பரிசச் சிகிச்சையாளர் மனிதனைச் சூழ்ந்த சத்தியைத் தம் உள்ளங்கையால் உணர்வோம் என்பர். எமிலி நடுவே ஒரு மறைப்பை வைத்து, அதன் துளைகளூடே அவர் இருகைகளையும் நீட்டச் செய்தாள். பின் ஒரு நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்ப அவர் வலக்கைக்கோ இடக்கைக்கோ சிறிது மேலே தன் கையைப் பிடித்து, "எக்கையின் மேல்?" என்று வினவினாள். இருபத்தொருவர் 280 முறை விடை கூறினர். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவனும் ஏறக்குறைய 140 முறை சரியாகச் சொல்லுவான். அவர்கள் சரியாகச் சொல்லியது 123 முறையே. 1998 இல் அமெரிக்க வைத்திய சங்கத்துச் சஞ்சிகை இதனை வெளியிட்டது. சிறுமி நோயாளியல்லளே என்று மறுத்தாரும் உளர். ஆயின் அச்சத்தி எல்லா மனிதரையுஞ் சூழ்ந்துள்ளது என்று முன்னர்ச் சொன்னவரும் அவரே. ஓர் அட்டையும் ஒரு நாணயமும் கொண்டு செய்த இச்சோதனையை நம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுதல், விஞ்ஞான பாடம் பலவற்றினும் பயன்றரும்.

ஆயின் நோயாளர் ஆறுதல் பெறுவது பொய்யோ எனின், அன்று. 1784 இல் பாரிசில் மெஸ்மரது காந்த சிகிச்சையை ஆராய்ந்த அரச குழுவில் பிராங்கிளினும் லவாய்சியரும் இருந்தனர். ஒரு தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றிவிட்டுக் கண்கட்டிய சிறுவனொருவனை வேறு மரங்களிடம் நடத்தினர். நாலாவது மரத்தடியில் அவன் மூர்ச்சித்தான்; ஏற்றிய மரமோ அப்பாற் கிடந்தது. அவன் மூர்ச்சை உண்மை. அதற்குச் சொல்லிய காரணமே பொய். அமைதியான அறையும், அன்புள்ள சொல்லும், ஒரு மணிநேரம் தன்னையே கவனிக்கும் ஒருவரும் கிடைப்பின் யார்க்கும் மனம் இளகும். அவசரமாய் நாடிபார்த்து அனுப்பும் வைத்தியர் சிலர் இதனை நினைத்தல் நன்று.

பிராணன் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் இது நம்முடையதென்று மகிழ்வார் நம்மவருட் பலர். பரிசச் சிகிச்சையை 1972 இல் வகுத்த அமெரிக்கத் தாதிப் பேராசிரியர் கிரீகரும் அச்சொல்லை எடுத்தாண்டனர். சொல் நம்முடையதாதலால் சரக்கும் நம்முடையதாய்விடாது. திருஞானசம்பந்த சுவாமிகள் பாண்டியனது வெப்புநோயைத் திருநீற்றினால் தீர்த்தருளியதை எடுத்துக்காட்டித் தம் தொழிலுக்கு விளம்பரஞ் செய்வாருக்கு நாம் சொல்வது இது: திருவருள் நிகழ்ச்சியை விலைவைத்து இரண்டு நாளிற் கற்பிக்கும் வித்தையாக்குதல் சைவத்துக்கு மகிமையன்று.

முதல்வகைத் தகுதி இவ்வாறு நிறுவப்படாமையின், "யார் வல்லவர்?" என்ற வினாவுக்கு நேர்மையான விடை இல்லை. அதற்காக வினவியவரை நகைத்து அனுப்புதலும் ஆகாது. அனுப்பினும் அவர் வேறிடத்தே சென்று வினவுவர். இரண்டாம்வகைத் தகுதியை அவரே சோதித்தறிய வழிகாட்டலாம். பிரித்தானியாவில் 2008 இல் தொடங்கிய ஒரு மன்றம் ரெய்கியாளரையும் பதிவுசெய்கின்றது. விரும்பியோர் சேர்வதேயன்றிச் சட்டக் கட்டாயம் அன்று. ஒழுக்கவிதி, பயிற்சி, காப்புறுதி என்பவற்றுக்கே அப்பதிவு சான்று. இலண்டனிலுள்ள உறவினர் "பதிவுபெற்றவர்" என்று எழுதின், அவ்வளவே பொருள் என்று கொள்க. நம் நாட்டில் ஆயுர்வேத, சித்த வைத்தியர் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெறுவது வேறு. அதனோடு இதனை மயங்கலாகாது.

ஒழுக்கமுடையார் நோயின் பெயரைத் தாம் சொல்லார். குணமாக்குவேன் என்று வாக்குக்கொடார். கூலியை முன்னரே சொல்லுவர். தொடுமுன் சம்மதங் கேட்பர். பெண்ணையும் பிள்ளையையும் தனியறையில் அழையார். "உன் சத்தி மாசுற்றது, இன்னும் பத்துமுறை வராவிடின் கேடு" என்று அச்சமூட்டார். இவையெல்லாவற்றினும் தலையாயது, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லாமை. வலிப்புள்ள பிள்ளையின் குளிகையைத் திடீரென நிறுத்தின், நில்லாத வலிப்பு வந்து உயிர் போதல் கூடும். இன்சுலினால் உயிர்வாழும் நீரிழிவுப் பிள்ளைக்கு அதனை நிறுத்தின், சில நாட்களே போதும். 2018 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, பரவாத நிலையிலுள்ள புற்றுநோய்க்கு வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டு மாற்றுச் சிகிச்சையை மட்டும் கைக்கொண்ட 281 பேரை நோக்கியது. அவர்க்கு மரண அபாயம் ஏனையோரினும் இரண்டரை மடங்கு.

பாடசாலை மண்டபத்தில் இலவச முகாம் நடத்த இடங்கேட்டு இவர்கள் வருவதும் உண்டு. மண்டபங் கொடுத்தல் பெயர் சொல்லுதலினும் பெரிய சாட்சி; பெற்றோர் அதனைப் பாடசாலையின் ஒப்புதலென்றே கொள்வர். ஆதலின் கொடுத்தல் தகாது என்பதே நம் துணிபு. தாயொருத்தி தனியே வந்து வினவுவாளாயின், முதலிற் கேட்கற்பாலது சிகிச்சையாளர் பெயரன்று; பிள்ளைக்கு இன்று காலை குளிகை கொடுத்தாளோ என்பதே.