ஐந்தருவியும் காட்சி அளவையும்

காண்பது கண்ணா, உயிரா என்பது சைவ சித்தாந்தம் ஆழ்ந்து ஆராய்ந்த கேள்வி. உண்மையை அறியும் வழிகளை அது அளவை என்கிறது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் காட்சியே முதலாவது. ஆயினும் கண்ணில் பட்டதெல்லாம் காட்சி ஆகிவிடாது. பழுதை என்னும் கயிறோ, பாம்போ எனத் தயங்குவது ஐயம். பழுதையைப் பாம்பென்றே கொள்வது திரிபு. இரண்டும் நீங்கிய காட்சி இரு நிலைகளில் நிகழும். ஒன்று உளது என்ற அளவில் நிற்பது நிர்விகற்பம். அதன் பெயர், சாதி, குணம், தொழில், உடைமை ஆகியவற்றைத் தெளிவது சவிகற்பம்.

குற்றாலத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவிலுள்ள ஐந்தருவியில் முதன்முதலாகக் கேமராவுடன் நிற்பவருக்கு இந்தப் பாகுபாடு நேரடியாக உதவும். முதலில் தெரிவது அருவி ஒன்று உண்டு என்பதே. அந்த நிலையில் எடுக்கும் படம் எல்லோரும் எடுக்கும் படமாகவே அமையும். பொறுத்து நின்றால், ஒரே நீர் பாறையில் ஐந்தாகப் பிரியும் இடம், கிளைக்குக் கிளை மாறும் நீரின் கனம், சாரல் சாயும் திசை, ஈரப்பாறையின் கருமை, மேகம் விலகும்போது மாறும் ஒளி எனக் குணமும் தொழிலும் ஒவ்வொன்றாகப் புலப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் இவை மணிக்கு மணி மாறும்.

கருவிக்கு இந்தத் தெளிவு இல்லை. வெண்ணீர் சட்டகத்தை நிறைத்தால் ஒளிமானி அதைச் சாம்பல் நிறமாக்கும். கரும்பாறை நிறைத்தால் நீரின் நுட்பம் வெளுத்துப்போகும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நீர் துளித்துளியாய் உறையும். அரை நொடியில் வெண்துகிலாய் நீளும். இவற்றுள் எது வேண்டும் என்று கேமரா முடிவு செய்வதில்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், காண்பது கண்ணா, உயிரா என்ற கேள்விக்குப் பதினோராம் நூற்பாவில் விடை தருகிறது. கண்ணுக்குப் பொருளைக் காட்டி, கண்ணோடு நின்று தானும் காண்பது உயிர். அவ்வாறே உயிருக்குக் காட்டித் தானும் காண்பவன் இறைவன். இதற்குக் குற்றாலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் வழிபடப்படுவது ஓவியமே. வண்ணத்தைக் காண்பது கண். அதில் இறைவனைக் காண்பது உயிர்.

காண்பது உயிர் என்றால், காட்சிக்குரிய பொறுப்பும் உயிருக்கே உரியது. ஐந்தருவியில் குளிப்போரை அவர்கள் இசைவின்றிப் படமெடுப்பவர் கருவியின் மீது பழிபோட முடியாது. எதைப் பார்ப்பது என்பதோடு, எதை எடுக்காமல் விடுவது என்பதையும் தெளிந்தவரே காணக் கற்றவர்.