நிற்காமல் போன கப்பல்

நமக்குக் கெடுதல் செய்தவரைக்கூடக் காலப்போக்கில் மன்னித்துவிடுகிறோம். நாம் தவித்து நின்றபோது கண்டும் காணாமல் போனவரை மட்டும் ஏன் மன்னிக்க முடிவதில்லை? ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’ நாவலைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1956இல் பிரிட்டனில் ‘டைகர்! டைகர்!’ என்ற பெயரில் வெளிவந்த அறிவியல் புனைகதை அது.

நாவலின் நாயகன் கல்லி ஃபாயில் விண்கப்பலில் கடைநிலை ஊழியன். படிப்பும் இல்லை, பெரிய ஆசைகளும் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிதைந்து மிதக்கும் ‘நோமட்’ கப்பலில், ஓர் அலமாரி அளவே உள்ள இடத்தில் 170 நாள் சாகாமல் கிடக்கிறான். ‘வோர்கா’ என்ற கப்பல் பக்கத்தில் வருகிறது. அபாய விளக்கு காட்டுகிறான். அவனைப் பார்த்துவிட்டே அது போய்விடுகிறது. அதுவரை யாராவது வருவார்கள் என்று கிடந்தவனுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்யத் தொடங்குகிறது. வோர்காவைப் பழிவாங்க வேண்டுமானால் முதலில் பிழைக்க வேண்டும். உடைந்த கப்பலை நகர்த்தும் வழியைத் தானே கண்டுபிடிக்கிறான். கோபமே கூடாது என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். அவனைக் காப்பாற்றியது கோபம்தான்.

இந்தக் கதைக்கு விதை கடலில் கிடைத்தது. போர்க்காலத்தில் தெப்பத்தில் மாதக்கணக்கில் மிதந்த ஒருவரைப் பற்றிப் படித்ததைப் பெஸ்டரே குறிப்பிட்டிருக்கிறார். பூன் லிம் என்ற சீனப் பணியாளரின் கதை அப்படிப்பட்டதுதான். அவர் வேலை பார்த்த பிரிட்டிஷ் கப்பலை 1942 நவம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 133 நாள் தெப்பத்தில் தனியாக இருந்தவரைக் கடைசியில் காப்பாற்றியவர்கள் பிரேசில் மீனவர்கள். இடையில் ஒரு சரக்குக் கப்பல் நிற்காமல் போனதாக அவர் சொன்னார். அந்தக் கடலில் நின்ற கப்பல் நீர்மூழ்கிக்கு இரையாகும். போனவர்களுக்கும் உயிர்ப்பயம் இருந்திருக்கலாம். தெப்பத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

என் தந்தை படுக்கையில் கிடந்த நாட்களில், உதவக்கூடிய நிலையில் இருந்த உறவினர் ஒருவர் எங்கள் தெரு வழியாகவே போனார், வீட்டுக்குள் வரவில்லை. இன்றும் கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால் என் முகம் மாறிவிடுகிறது என்று மனைவி சொல்வாள். ஃபாயிலின் முகத்தில் புலிமுகம் போலப் பச்சை குத்திவிடுகிறார்கள். பிற்பாடு அதை அழித்தும், கோபம் வரும்போதெல்லாம் தழும்பு சிவந்து அவனைக் காட்டிக்கொடுக்கிறது. வேறு வழியின்றி அவன் அடக்கம் பழகுகிறான். அந்த உறவினரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தழும்பு ஞாபகம் வரும்.

முதலில் ஃபாயில் வோர்கா கப்பலையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்க்கிறான், பிடிபடுகிறான். சிறையின் இருட்டில் ஜிஸ்பெல்லா என்ற பெண்தான் அவனுக்குப் புரியவைக்கிறாள்: கப்பலுக்கு மனம் ஏது? உத்தரவிட்டது யார் என்று தேடு. அவனுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். இருவரும் சேர்ந்து தப்புகிறார்கள். துரத்துகிறவர்கள் நெருங்கியதும், அவளை அவர்கள் கையில் விட்டுவிட்டு அவன் மட்டும் பறந்துவிடுகிறான். வோர்கா அவனுக்குச் செய்ததை அவன் அவளுக்குச் செய்கிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கைவிடப்பட்டவனுக்கு அந்த வலி தெரியும், அதனால் அவன் யாரையும் கைவிட மாட்டான் என்று நம்பியிருந்தேன். வலி அப்படியெல்லாம் யாரையும் தானாகத் திருத்துவதில்லை.

உத்தரவிட்டவளைக் கடைசியில் அவன் கண்டுபிடிக்கிறான். அவன் காதலித்த ஒலிவியாதான் அது. ஆனால் அதற்குள் பழிவாங்கும் வெறி அவனுக்குள் வேறொன்றாக மாறியிருக்கிறது. தான் செய்தவற்றுக்குத் தண்டனை வேண்டும் என்று தன்னையே ஒப்படைக்கப் போகிறான். பழிவாங்கப் புறப்பட்டவனையே குற்றவாளியின் இடத்தில் நிறுத்திய துணிச்சலுக்காகவே, பழிவாங்கும் கதைகளில் இந்த நாவலை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.