வருடப் பிறப்பும் இல்லச் சுத்தியும்



பங்குனி முதிர்ந்து வருடப் பிறப்பு அணுகுங் காலத்திலே, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள சைவ இல்லங்களெங்கும் ஒரே ஆரவாரம் நிகழ்வதை யாவரும் அறிவர். ஒட்டறை அடிக்கப்படும், பரணிலுள்ள பெட்டிகள் இறக்கப்படும், குத்துவிளக்குகள் பழப்புளியிட்டு மினுக்கப்படும். மருத்துநீர் வைத்து முழுகிப் புத்தாடை புனைந்து, பெரியோர் கையாற் கைவிசேடம் பெறும் நாளிலே வீடுந் தூயதாயிருத்தல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொண்ட நியமம். அந்நியமத்தை வலியுறுத்தல் எமது நோக்கமன்று. அதனை ஒருவருங் கைவிட்டிலர். கூட்டிய குப்பை எங்கே போகின்றது என்னும் ஒரு வினாவையே ஈண்டுக் கேட்கப் புகுந்தோம்.

இவ்வினாவை எம்முள்ளத்தில் எழுப்பியது எமது குற்றமே. சென்ற ஆண்டு வருடப் பிறப்புக்கு இருநாள் முன்பு, வீட்டைத் துப்புரவாக்கிய பெருமிதத்தோடு, பழைய கொப்பிகள், சொப்பிங் பைகள், உடைந்த பிளாஸ்டிக் வாளி, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் வளவின் மூலையிலே குவித்து நெருப்பிட்டோம். கரும்புகை வேலி கடந்து அயல்வீட்டை மூடிற்று. அவ்வீட்டிலே முட்டு வருத்தமுள்ள சிறு பிள்ளை ஒன்று உண்டு. எமது வகுப்பிலேயே பயில்வது. அன்றிரவு அப்பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றனர். புத்தாண்டுக் காலையில் எமது முற்றம் கண்ணாடிபோற் கிடந்தது. அயல்வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளை தேறி வந்தபின் அதன் தாய் எம்மை ஒரு சொல்லுங் கடிந்திலர். முன்போலவே "சேர்" என்று வணங்கிச் சென்றார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பிளாஸ்டிக் வகைகள், அவற்றுள்ளும் குளோரீன் சேர்ந்த பீ.வி.சீ., வளவில் மூட்டும் மந்த நெருப்பில் எரியும்போது டயொக்சின் என்னும் நஞ்சு தோன்றுகின்றது. அது புகையோடு மறைந்தொழிவதன்று. புல்லிற் படிந்து, மேயும் பசுவின் பாற்கொழுப்பிலே தங்கும். அப்பாலையே நாம் பொங்குகின்றோம். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி முதல் இலங்கையிலே பிளாஸ்டிக்கும் ஏனைய குப்பையும் திறந்த வெளியில் எரித்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. உணவு பொதியும் பொலித்தீன் தாளும் அன்றே விலக்கப்பட்டது. சட்டம் அறியாதார் செய்யும் பிழைக்கு ஓர் சமாதானம் உண்டு; அதனை வகுப்பிற் படிப்பித்தவர் செய்யும் பிழைக்கு யாது சமாதானம்?

எரியாதார் வாவியில் எறிகின்றனர். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இயல்பை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும். மாரி வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்து மணற்றிட்டு உடைந்து வாவி கடலொடு கலக்கும். வேனிலில் மணல் சேர்ந்து வாயை அடைக்க, நீரோட்டங் குன்றும். வருடப் பிறப்புக் குப்பை அவ்வேனில் தொடங்குங் காலத்திலன்றோ வீழ்கின்றது! அது கடலுக்குப் போய்விடும் என்பார் கூற்றுப் பொய். போயினும் நன்றாகாது என்பது வேறு. பெரும்பகுதி கண்டல் வேர்களிலே சிக்கிக் கிடக்கும். இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளரும் தொட்டில் அவ்வேர்களே. சவர்க்காரத் தூளிலுள்ள பொசுபேற்று நீரிற் கலப்பின் பாசி மிகும். பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் மடியும். வலைத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்பிலேயே இருக்கின்றனர்.

நகரத்தார் செய்தி இன்னுங் கொடிது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, வருடப் பிறப்பு நாளன்றே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவிற் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மலையிற் கிடந்தது எவருடைய குப்பை? வீடு கூட்டிய பல்லாயிரவர் குப்பை. மாண்டவர்களோ அதன் அடியிலே குடியிருந்த எளியவர்கள்.

திருவதிகையிலே திலகவதியார் திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டார். அவர் தம்பியாராகிய அப்பரடிகள் உழவாரப் படை தாங்கித் தலந்தோறும் புல்லைச் செதுக்கினார். அவர்கள் அகற்றிய புல்லுஞ் சருகும் மண்ணோடு மண்ணாயின. அக்காலத்தில் அகற்றுதல் என்றாலே மண்ணுக்கு மீட்டுக் கொடுத்தல் என்று பொருள்பட்டது. இன்று நாம் அகற்றுவது அயலான் தலைமேல் வைத்தல் என்றாகிவிட்டது. ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறுவர் நம் ஆசாரியர். செம்பைப் புளியிட்டுத் துலக்குகின்ற நாம், 'என் வீடு தூயதானாற் போதும்' என்னும் எண்ணத்தை அக்களிம்பென்று கண்டிலோம்.

மிஷன் பாடசாலையிலே யாம் கற்ற நாளில், வகுப்பைக் கூட்டியபின் ஆசிரியர் ஒருவர் தரையைப் பாரார். பாயை உயர்த்தி அதன் அடியையே பார்ப்பார். அவர் சமயம் வேறு. அப்பார்வை நமக்கும் வேண்டுவதே.

பாடசாலைச் சிரமதானத்திலே சருகைக் கொளுத்தும் வழக்கத்தை இவ்வாண்டே விடுவோமாக. மர நிழலில் ஒரு குழி வெட்டிச் சருகையும் சாணத்தையும் மாறிமாறி இட்டு, ஈரங் காயாது காத்து, இடையிடையே புரட்டின் சில மாதங்களிற் சேதனப் பசளையாகும். எழுதாத தாள்களைக் கழற்றித் தைத்தால் ஒரு பிள்ளைக்குக் கணக்குக் கொப்பி கிடைக்கும். விளக்குக்குப் பழப்புளியும் பாத்திரத்துக்குச் சாம்பலும் போதும். கோயில் அன்னதானத்துக்கு வாழையிலை அல்லது தாமரையிலை கேட்கும் உரிமை நமக்குண்டு. பரணில் இருந்து இறக்கும் பண்டங்களிற் பாதி வாங்கவே வேண்டாதவை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் நலம். பரிசளிப்பு விழாக்களில் நாமே வழங்கி நாமே பெற்ற பிளாஸ்டிக் கேடயங்கள் எம் வீட்டிலே பதினொன்று உள!

அவற்றோடு இவ்வாண்டு சேர்ந்த பொலித்தீன் எல்லாம் கழுவி உலர்த்தி இரண்டு சாக்கிற் கட்டி விறகுக் கொட்டிலில் வைத்துள்ளோம். குப்பை வண்டி எமது ஒழுங்கைக்கு வருவதில்லை. விடுமுறை கழிந்ததும் அயல்வீட்டுப் பிள்ளையின் தகப்பனார் தமது உழவுயந்திரத்தில் அவற்றை நகருக்கு ஏற்றிச் செல்ல இசைந்திருக்கின்றார்.