விசாரணையும் ஓர் அமானிதமே

2019ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள். புதுச்சேரி நகருக்கு வடக்கே, காலாப்பட்டில் கடலோரமாக அமைந்துள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த திரு. ராம்நாத் கோவிந்த் அவர்கள் சிறப்பு விருந்தினர். இதழியல், மக்கள் தொடர்புத் துறையில் எம்.ஏ. படிப்பில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்க வந்திருந்தவர்களில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரியும் இருந்தார். தலையில் முக்காடு அணிந்தவர். குடியரசுத் தலைவர் வருவதற்குச் சற்று முன்பு அவர் மண்டபத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டார். தலைவர் பேசி முடித்துப் புறப்பட்ட பிறகே உள்ளே வர விட்டார்கள். தம் முறை வந்ததும் மேடையேறிய அந்தப் பெண் பட்டச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு, தங்கப் பதக்கத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டு காரணம் கேட்டார்கள். குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துப் போராடும் மாணவர்களோடு தாம் நிற்பதாக அவர் சொன்னார். தம்மை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று கேட்டபோது, தமக்கு அது தெரியாது என்றார். முக்காடு அணிந்திருந்த விதம் காரணமாக இருக்கலாம் என்று பிறர் சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மனம் புண்பட்டு நிற்கும் இருபத்து சொச்சம் வயதுப் பெண், தனக்குத் தெரிந்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுகிறாள்! நம்மில் எத்தனை பேருக்கு, ஆத்திரம் அடங்கி ஆறு மாதம் ஆன பிறகாவது, அந்த நிதானம் வருகிறது?

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அருள்மறையில் ஸூரத்து யூஸுஃப் நினைவுக்கு வந்தது. (நபி நபிதான், நாம் நாம்தான், ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை.) எகிப்திய மன்னன் கண்ட கனவுக்கு யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்தபடியே விளக்கம் சொல்லி அனுப்புகிறார்கள். மன்னன் மகிழ்ந்து, அவரை அழைத்து வாருங்கள் என்று ஆள் அனுப்புகிறான். ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவருக்கு வாசல் திறந்தாயிற்று. வேறொருவராக இருந்தால் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடி வந்திருப்பார். யூஸுஃப் (அலை) அவர்களோ வந்த தூதனைத் திருப்பி அனுப்பி, கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்ன என்று முதலில் உன் எஜமானனிடம் கேள் என்றார்கள். விசாரணை நடந்தது. பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். அஜீஸின் மனைவியும் தன் தவற்றை ஒப்புக்கொண்டாள். அதன் பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் அழைப்பை உடனே ஏற்றிருப்போம் என்று நம் பெருமானார் (ஸல்) அவர்கள் யூஸுஃப் நபியின் பொறுமையை வியந்து சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

அந்த வரலாற்றில் நம் உலமாக்கள் பயான்களில் அதிகம் தொடாத இன்னொரு செய்தியும் உண்டு. யூஸுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பது சிறைக்குப் போகும் முன்பே அந்த வீட்டாருக்குத் தெரியும். சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் அந்தப் பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவர்தாம். பின்புறம் கிழிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டுவிட்டது. இவ்வளவு அத்தாட்சிகளைக் கண்ட பின்னரும் அவரைச் சில காலம் சிறையில் வைப்பதே நல்லது என்று அவர்களுக்குத் தோன்றிற்றாம். ஏன்? ஊர் வாயை மூட வேண்டும். பெரிய வீட்டின் பெயர் கெடக்கூடாது. இன்று ஒரு பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ மாணவி ஒருத்தி பேராசிரியர் மீது புகார் கொடுத்தால், நிர்வாகத்தின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, நடந்தது உண்மையா என்பதா, பத்திரிகையில் வந்துவிடுமோ என்பதா?

புதுச்சேரி மண்ணுக்கு இந்தப் பாடம் பழையது. காஜியார் வீதியும் முல்லா வீதியும் இன்றும் இருக்கிற ஊர். நியாயம் கேட்கக் காழியிடம் போன காலத்தின் பெயர்கள் இவை. இதே ஊரில் 1716இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை மீது, கலகம் செய்யத் தூண்டினார் என்று குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டுக்குப் பின்னால் நின்றவரும் கவர்னர் எபேர். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்ந்தவரும் அவரே. கடைவீதியில் 50 சவுக்கடி, 3 ஆண்டு சிறை. மறு வருடமே பிள்ளையவர்கள் சிறையில் இறந்துபோனார். பிற்பாடு பிரான்சில் மேல்முறையீடு செய்து அவர் குற்றமற்றவர் என்று நிலைநாட்டினார்கள். மௌத்தானவரின் முதுகில் விழுந்த அடியை எந்த மேல்முறையீடு திருப்பி எடுக்கும்?

ஆகவே விசாரணை என்பது ஏதோ அலுவலகக் காகித வேலை அன்று. ஒருவருடைய மானம் உங்கள் கையில் ஒப்படைக்கப்படுகிறது. புகார் கொடுத்தவரின் மானமும், புகாருக்கு ஆளானவரின் மானமும். இரண்டும் அமானிதம். அந்த அமானிதத்தை எப்படிக் காப்பது என்பதற்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அழகான முன்மாதிரி இருக்கிறது.

கூஃபா நகரத்து மக்கள் தங்கள் கவர்னர் மீது முறையிட்டார்கள். யார் அந்த கவர்னர்? சுவர்க்கம் உண்டென்று நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்! அவர் சரியாகத் தொழ வைப்பதில்லை என்பது வரைக்கும் புகார் போயிற்று. “இவ்வளவு பெரிய ஸஹாபியைப் பற்றியா பேசுகிறீர்கள்?” என்று உமர் (ரலி) அவர்கள் முறையிட்டவர்களை விரட்டவில்லை. ஸஅத் (ரலி) அவர்களைப் பதவியிலிருந்து விலக்கி அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் தம் தொழுகை முறையை விளக்கியதும், உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுவே என்றார்கள். அத்துடன் விட்டார்களா? இல்லை. கூஃபாவுக்கு ஆள் அனுப்பிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கச் செய்தார்கள். எல்லாரும் நல்லவிதமாகவே சொன்னார்கள், பனூ அப்ஸ் பள்ளிவாசலில் ஒருவரைத் தவிர. பின்னர் உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த ஆறு பேரில் ஸஅத் (ரலி) அவர்களையும் சேர்த்து, திறமைக் குறைவாலோ மோசடியாலோ நான் அவரை விலக்கவில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டே கண்ணை மூடினார்கள்.

நல்லெண்ணம் வைத்திருந்தும் விசாரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நல்லெண்ணம் விசாரணைக்குத் தடையாக வரவில்லை. பதவியிலிருந்து விலக்கியதைக் குற்றவாளி என்ற முத்திரையாகவும் ஆக்கவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று விசாரிக்கப் போனவர்களோடு ஸஅத் (ரலி) அவர்களும் உடன் போனார்கள். முறையிட்டவர்கள் ஒரு நகரத்து மக்கள். கலீஃபாவுக்கு முன்பாகவே வாய் திறக்கத் தயங்காதவர்கள். இன்று புகார் தருபவள் விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். எதிரே இருப்பவர் அவளுடைய ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து “சொல்லம்மா” என்றால் அவள் என்ன சொல்வாள்?

அதனால்தான் நாட்டின் சட்டம் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளைத் தடுக்க 2013இல் ஒரு சட்டம் வந்தது. அதை ஒட்டி உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை வகுத்தது. நிறுவனத்துக்கு உள்ளேயே ஒரு குழு, தலைமையில் ஒரு பெண், வெளியாள் ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பெயர்களை வெளியிடக்கூடாது. ஜாதி, மதம், மொழி முதலியவற்றால் காட்டப்படும் பாகுபாட்டுக்கோ 2012இலேயே தனி விதிகள் வந்தன; அந்தப் புகார்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அவை சொல்லின. விதி இருந்தது. ஆனால், படிக்கப் போன இடத்தில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார், அந்த விதிகள் ஏட்டளவிலேயே நிற்கின்றன என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. ஒருவர் ஹைதராபாத்தில் மாண்ட தலித் ஆராய்ச்சி மாணவரின் தாய். மற்றவர் மும்பையில் மாண்ட இளம் டாக்டரின் தாய். பழங்குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி.

“நாலு சாட்சி இல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்வது அவதூறு ஆகாதா?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நாலு சாட்சி என்பது விபச்சாரப் பழி சுமத்துவதற்கான நிபந்தனை; கற்புள்ள பெண்களின் மானத்தைக் காக்க வந்த சட்டம். தனக்கு அநீதி நேர்ந்தது என்று முறையிடுகிற பெண்ணின் வாயை அடைக்க அதை எடுப்பது, கேடயத்தைக் கொண்டு அதற்குரியவளையே அடிப்பதாகும். தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்பவில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று ஸூரத்துன்னிஸா தெளிவாக விலக்கு அளிக்கிறது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் புகார் சொன்னவள் பொய்யள் என்று ஆகிவிடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது: வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் நடவடிக்கை, நிரூபிக்க இயலாமை குற்றமன்று.

இதுவரை எழுதியதெல்லாம் எளிது. பாதிக்கப்பட்டவள் நம் பெண், நடத்தியவர்கள் பிறர் என்றால் நமக்கு நியாயம் தானாகவே விளங்கிவிடுகிறது. நேர்மாறாக இருந்தால்?

மதீனாவில் ஒரு கவசம் களவு போயிற்று. எடுத்தவர் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த துஃமா என்பவர். பழியோ ஒரு யூதர் மீது போடப்பட்டது. துஃமாவின் குலத்தார் திரண்டு வந்து தங்கள் ஆளுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். அப்போது இறங்கியவையே ஸூரத்துன்னிஸாவின் 105ஆம் வசனம் தொட்டு வரும் வசனங்கள் என்று தஃப்ஸீர்கள் கூறுகின்றன. மோசடிக்காரர்களுக்காக வழக்காட வேண்டாம் என்று வஹீ வந்தது. யூதர் நிரபராதி என்று வானத்திலிருந்து தீர்ப்பு வந்தது. முஸ்லிம்கள் சிறு கூட்டமாக, சுற்றிலும் பகைவர்களோடு இருந்த காலம் அது. “இப்போது இதை வெளியே விட்டால் சமுதாயத்தின் பெயர் என்ன ஆகும்?” என்று கேட்க அவர்களுக்கு இருந்த காரணம் நமக்கு இருப்பதைவிடப் பெரியது.

நான் யாருக்கும் உபதேசம் செய்யும் தகுதியில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் நடத்தும் ஒரு கல்லூரியில் (ஊரும் பெயரும் வேண்டாம்) ஒரு மாணவி ஓர் ஆசிரியரைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் ஐவேளை ஜமாஅத் தவறாதவர், பள்ளிவாசல் மினாராவுக்குப் பணம் கொடுத்தவர். இஷாவுக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். பெண்ணின் தகப்பனார் தையல் கடை வைத்திருப்பவர். அவர் பேச ஆரம்பித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “அவரா? இருக்காதே பாய்.” அவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை மடித்தார். ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். மறு வருடம் நிக்காஹ் ஆயிற்று. அந்த ஆசிரியர் தவறு செய்தாரா, செய்யவில்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. அவர் நிரபராதியாக இருந்திருந்தால் அவருக்கும் நான் அநீதிதான் செய்தேன். ஊரில் முணுமுணுப்பு மட்டும் அவரைவிட்டு நீங்கவேயில்லை.

சென்ற ரமலானில் தராவீஹ் முடிந்து திரும்பும்போது அந்தத் தகப்பனார் என்னைக் கைப்பிடித்து நிறுத்தினார். மகள் வயிற்றுப் பேத்திக்குக் காலாப்பட்டில் இடம் கிடைத்திருக்கிறதாம். “அங்கே ஏதாவதென்றால் யாரிடம் சொல்லணும் ஹஜ்ரத்? வாயால சொன்னாப் போதுமா?” என்றார். எழுத்தில் கொடுக்க வேண்டும், எழுத முடியாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும், நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் தரலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூன்று மாதம் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தெருமுனை வரை கூடவே நடந்தோம்.