பொதுப் பணம் ஓர் அமானிதம்



ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் பைத்துல்மாலில் பெரும்பொருள் வந்து குவிந்தது. யாருக்கு எவ்வளவு என்பதைக் குறித்துவைக்கத் ‘தீவான்’ என்னும் பதிவேடு ஏற்பட்டது. எழுதியவர்கள் கலீஃபாவின் குலத்தாரை முன்வரிசையில் வைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதை ஒப்பவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் நெருங்கிய உறவினரிலிருந்து தொடங்கச் சொல்லி, தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவர்களின் பனூ அதீ குலத்தார் நேரில் வந்து முறையிட்டும் பலிக்கவில்லை.

நம் ஊர்களுக்கு வருவோம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. சாலைக்கும் வடிகாலுக்கும் குடிநீருக்கும் அரசு பணம் ஒதுக்குகிறது. அது யாருடைய பணம்? கடையில் சோப்பு வாங்கும் ஏழைத் தாயும் வரி கொடுக்கிறாள். ஆகவே அது அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கவும், நீதியோடு தீர்ப்புச் செய்யவும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான்.

2021-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு தரும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வசதியுள்ள தெரு ஒரே வாரத்தில் தன் பங்கைத் திரட்டிவிடும். அன்றாடங்காய்ச்சிகள் வாழும் தெரு என்ன செய்யும்? தேவை மிகுந்த இடத்தில்தானே கையில் காசு குறைவு! செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்று அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் எச்சரிக்கிறதே!

நம் தெருவை மட்டும் உயர்த்திப் போட்டால் மழைநீர் எங்கே போகும்? பள்ளத்துத் தெருவின் அடுப்படிக்குள் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குக் கிடைத்த நன்மை அண்டை வீட்டாருக்குத் தீங்காகிவிட்டால், அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன செய்யலாம்? வார்டுகளில் பகுதி சபைகள் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. சபை கூடும் நாளில் ஜமாஅத்தார் போகவேண்டும். போனால் நம் தெருவுக்கு முன் பள்ளத்துத் தெருவைக் கேட்கவேண்டும். பங்குத்தொகை திரட்டும்போது அவர்களுடைய பங்கையும் சேர்த்துத் திரட்டவேண்டும். அங்கே வாழ்பவர் எம்மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். ஆனால் ஜகாத்தை இதில் சேர்க்காதீர்கள். அதற்குரிய எட்டு வகையினரைத் திருமறையே குறித்துவிட்டது. இது ஸதக்காவாக இருக்கட்டும்.

கவுன்சிலர் நமக்கு வேண்டியவரா? அப்படியானால் பனூ அதீ குலத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சலுகை கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். அவரை மறுமையின் கேள்வியிலிருந்து காப்பாற்றும் வழி அதுதான்.

பொதுப் பணத்தில் நேர்மையையும், அண்டை வீட்டார்மீது இரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.