விலையின்மையும் ஈகையும்

ஒரு பொருளுக்கு விலை கேளாதிருத்தலும் அதனை ஒருவருக்கு ஈதலும் ஒன்றோ? இணையவழி இலவசப் பாடநெறிகள் உலகெங்கும் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வினா அறவியல் நோக்கில் ஆராயற்பாலது.

மட்டக்களப்பு வாவியோரத்துத் தன்னாமுனையிலே, உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் வெட்டுப்புள்ளியை எட்டாத மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். ஏறாவூருக்கு அப்பால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அவளுக்குத் திறக்கவில்லை. அவளது கைப்பேசியிலோ உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் திறந்து கிடக்கின்றன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களை யாவர்க்கும் வழங்கப்போவதாக 2001இல் அறிவித்தது. கோசெரா, எடெக்ஸ் என்பன 2012இல் தோன்றின. இந்தியாவின் சுவயம் 2017இல் தொடங்கிற்று. கல்வி செல்வர்க்கே உரியது என்னும் நிலை ஒழிந்தது என மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சி முற்றும் பொய்யன்று.

ஆயின், ஹார்வார்டும் மாசச்சூசெட்ஸ் நிறுவனமும் எடெக்ஸ் வழியாக நடாத்திய பாடநெறிகளில் 2017-18ஆம் ஆண்டில் சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே அவற்றை நிறைவுசெய்தனர் என 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. சேர்ந்தோர் அனைவரும் முடிக்கும் நோக்கினர் அல்லர் என்பது உண்மையே. எனினும் முடிக்க விரும்பியும் இயலாதோரைச் சோம்பேறிகள் என ஒதுக்குதல் நீதியாகுமா? தன்னாமுனை மாணவி தமிழ்மொழி மூலம் கற்றவள். பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. பாடம் இலவசமாயினும் இணைய இணைப்புக்கும், பல வேளைகளில் சான்றிதழுக்கும் பணம் வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, அவள் மூன்றாம் வாரத்தில் பாடத்தைக் கைவிட்டால் ஏன் என்று கேட்பார் எவருமிலர்.

இலங்கையின் இலவசக் கல்வி வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1945இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் திட்டம் கட்டணத்தை நீக்கியதோடு அமையவில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளும், வறிய பிள்ளைகள் அவற்றில் தங்கிப் பயிலப் புலமைப்பரிசில்களும் அதற்குத் துணைநின்றன. அதற்கு முன்னரே, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவிய சுவாமி விபுலாநந்தரின் பணியிலும் பாடசாலையோடு மாணவர் இல்லம் இணைந்திருந்தது. கற்பவரின் பசியும் தனிமையும் கல்வியின் பொருளாகவே கருதப்பட்டன.

இணையக் கல்வியின் பெருவெற்றியாகப் போற்றப்படும் நிகழ்ச்சியும் இதனையே உணர்த்துகின்றது. 2012இல் மாசச்சூசெட்ஸ் நிறுவனத்தின் மின்சுற்றுப் பாடநெறியில் ஏறத்தாழ 1,50,000 பேர் சேர்ந்தனர். முழுப்புள்ளி பெற்ற 340 பேருள் மொங்கோலியத் தலைநகரைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஒருவனும் இருந்தான். அவனது திறமை ஐயத்திற்கிடமற்றது. ஆயின் அவனுடைய பாடசாலை அதிபர் அதே நிறுவனத்தில் பயின்றவர். ஆய்வுகூடக் கருவிகளுடன் அமெரிக்காவிலிருந்து ஆசிரியர் ஒருவரும் நேரில் வந்து அம்மாணவர்க்கு வழிகாட்டினார்.

எனவே கதவைத் திறந்துவைத்தல் ஈகையின் முதற்பாதியே. மறுபாதியைத் தூரதேசத்து நிறுவனங்கள் செய்துவிட முடியாது. வாரத்தில் ஒரு மாலையேனும் ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ அம்மாணவியோடு அமர்ந்து, ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்குவதற்கு ஒருவர் வேண்டும். பொதுப்பணத்தில் பட்டம் பெறும் பல்கலைக்கழக மாணவரைக் காட்டிலும் அக்கடமைக்கு உரியவர் யாவர்?