மிச்சம் பேசும் கணக்கு

சென்னையில் ஒரு லட்சம் சம்பளம் பெரிதா, பரமக்குடிப் பக்கம் ஐம்பதாயிரம் பெரிதா என்பதை வெறும் விலைக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். அரசும் அப்படித்தான் பார்க்கிறது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கும் மத்திய அரசு ஊழியருக்கு இன்று வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 சதவீதம், மதுரையில் 20, பரமக்குடிப் பக்கத்து நயினார்கோவில் போன்ற ஊரில் 10. அதாவது 15,000, 10,000, 5,000. அகவிலைப்படி எங்கும் ஒன்றே. போக்குவரத்துப்படியில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆக, ஊருக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு ஒரு கூரையும் ஒரு பஸ் டிக்கெட்டும்! ஆள் அதே ஆள், தேவை அதே தேவை, விலை மட்டும் மாறுகிறது என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. அது தவறு. தேவையையும் ஊர்தான் உண்டாக்குகிறது. லினன் சட்டை இல்லாமல் கூலியாள்கூட வெளியே வரக் கூசுவான், ஆகவே அது அத்தியாவசியம் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் எழுதினார். அந்தச் சட்டைதான் இன்று சென்னையில் ஏசியாகவும், பிள்ளையின் 'நல்ல' பள்ளியாகவும் நிற்கிறது.

எனவே வரவை ஒப்பிட்டுப் பயனில்லை. மிச்சத்தை ஒப்பிட வேண்டும். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிடும் நாகநாதர் கோவில் உள்ள அதே நயினார்கோவிலில் இதற்கு இரு பக்கமும் சாட்சி உண்டு. இஸ்லாத்தின் கடமைத் தானமான ஜகாத் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. தேவை போக ஓராண்டு கையில் நின்ற செல்வம் ஏறக்குறைய 11 பவுன் தங்க அளவை எட்டியதா என்று கேட்டு, நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்கு எடுக்கிறது. வள்ளுவர் 478-ஆம் குறளில் வரும் வழி சிறுத்தாலும் போகும் வழி அகலாதவரை கேடில்லை என்கிறார். கண்மாய்ச் சீமைக்காரனுக்கு இதற்கு உரை வேண்டாம். வரத்துக்கால் எவ்வளவு அகலமானாலும் மடை பழுதென்றால் தண்ணீர் நிற்காது.

வானம் பார்த்த பூமியில் இருப்பவனிடம் மிச்சத்தைப் பார் என்று போதுமென்ற மனம் பேசுவது வசதியானவனின் உபதேசம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைந்த கூலிக்கு இதைச் சாக்காக்குகிறவர் முதலாளியே தவிர அறவோர் அல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர் ஓட வேண்டிய ஊரில், அந்த அலைச்சலையும் செலவில் எழுதத்தான் வேண்டும். ஆனால் மிச்சக் கணக்கு யாரையும் ஊரிலேயே கிட என்று சொல்லவில்லை. ஒற்றை அறையில் தங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் இதில் தேறுகிறார். மூன்று தவணைக்கு உழைக்கும் லட்சக்காரர் தேறுவதில்லை. அடுத்த வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத் தொகையைப் பிறகு பாருங்கள். சென்ற ஆண்டு கையில் என்ன நின்றது, அதில் யாருக்கு என்ன போனது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.